அகல உழுவதினும் ஆழ உழுக

இன்று வெள்ளிக்கிழமை. நம் இல்லங்கள் பலவற்றில் நேற்று மஃரிபுக்குப் பின்னரோ, இன்று ஜும்ஆவுக்கு முன்னரோ சூரத்துல் கஹ்ஃபு ஓதப்பட்டிருக்கும். அதில் உள்ளவை 110 வசனங்கள். பழகிய நாவுக்கு அரைமணி நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. வாரந்தோறும் தவறாமல் ஓதி வரும் ஒருவர் ஆண்டுக்கு 52 முறை அதனை ஓதிவிடுகிறார். இருபது ஆண்டுகள் இந்த வழக்கத்தைக் காத்து வந்தவர் ஆயிரம் முறைக்கும் மேல் ஓதியிருப்பார். எத்துணைப் பெரும் பேறு!

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, இந்தக் கணக்கைச் சற்று மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் எண்ணைத் தருகிறேன். அது நாற்பது.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிறித்தவ ஆண்டு 980 அளவில், புகாரா நகருக்கு அருகே பிறந்தவர் இப்னு ஸீனா. மருத்துவத்தில் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலை இயற்றியவர். ஐரோப்பாவின் மருத்துவக் கல்விக்கூடங்கள் அந்நூலை லத்தீன் மொழியில் பெயர்த்துப் பல நூற்றாண்டுகள் பாடநூலாகக் கொண்டிருந்தன. பத்து வயதிலேயே திருக்குர்ஆனையும் அரபு இலக்கியத்தின் பெரும்பகுதியையும் கற்று முடித்தவர் என்றால் அவருடைய அறிவுக் கூர்மையை உணர்ந்து கொள்ளலாம். தம் இளமைக் காலத்தைப் பற்றி அவரே தம் மாணவருக்குச் சொல்லி எழுத வைத்த குறிப்பு இன்றும் நம்மிடம் உள்ளது. அதிலே ஒரு நிகழ்ச்சி வருகிறது.

தர்க்கம், கணிதம், மருத்துவம் ஆகியவற்றை விரைந்து கற்றுத் தேர்ந்த அந்த இளைஞர், கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதிய மெய்ப்பொருளியல் நூலைக் கையில் எடுத்தார். ஒரு முறை படித்தார், விளங்கவில்லை. மறுமுறை படித்தார், அப்போதும் விளங்கவில்லை. நாற்பது முறை படித்தார். நூல் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது. ஆனால் அதன் ஆசிரியர் எதைச் சொல்ல வருகிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை. இந்த நூலைப் புரிந்துகொள்ள வழியே கிடையாது என்று அவர் மனம் தளர்ந்தார்.

ஒரு நாள் அஸர் நேரத்தில் புத்தகக் கடைத் தெருவுக்குச் சென்றார். தரகன் ஒருவன் கையில் ஒரு நூலை வைத்துக்கொண்டு கூவிக்கொண்டிருந்தான். அது மெய்ப்பொருளியல் பற்றியது என்றதும், இத்துறையில் இனி எந்தப் பயனும் இல்லை என்னும் சலிப்போடு இப்னு ஸீனா அதை மறுத்துவிட்டார். தரகன் விடவில்லை. விலை மூன்று திர்ஹம்தான் என்றும், உடையவர் பணமுடையில் இருப்பதால் விற்கிறார் என்றும் கூறி வற்புறுத்தினான். சரியென்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். பிரித்துப் பார்த்தால், அது அபூ நஸ்ர் அல்ஃபாராபி எழுதியது. அரிஸ்டாட்டிலின் அந்த நூலுடைய நோக்கங்கள் யாவை என்பதை விளக்கும் சிறு ஏடு. படித்த மாத்திரத்தில், இருட்டறையில் விளக்கேற்றியது போல் நாற்பது முறை படித்த நூல் முழுவதும் அவருக்குத் துலங்கிவிட்டது. மகிழ்ச்சி தாளவில்லை. மறுநாள் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தும் முகமாக ஏழைகளுக்குப் பெருமளவில் தானதர்மம் செய்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்னு ஸீனாவின் தத்துவக் கொள்கைகள் சிலவற்றை நம் இமாம்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்பில் எனக்கும் உடன்பாடே. அவர் படித்த முறையிலிருந்து நாம் கற்கத் தடையேதும் இல்லை.

இந்த வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் நாற்பது என்ற எண்ணை மட்டும் வியந்துவிட்டு, அதனைப் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த மூன்று திர்ஹம் ஏட்டின் மீதுதான் கண். அது சில பக்கங்களே கொண்ட சிறு கட்டுரை. புகாராவின் கடைத்தெருவில் அதனை வேறு எவரும் வாங்கியிருக்கலாம். வாங்கியவருக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒன்றும் கிடைத்திராது. பூட்டைத் தன்னிடத்தில் வைத்திருப்பவனுக்கன்றோ சாவியால் பயன்! நாற்பது முறை படித்ததால் கேள்விகள் அனைத்தும் இப்னு ஸீனாவின் உள்ளத்தில் கூர்மையாகக் காத்திருந்தன. விடை வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் பொருந்தின. நாற்பதாவது முறையோடு கைவிட்டவர்போல் அவர் தோன்றினாலும், அந்த நாற்பதில் ஒன்றுகூட வீண் போகவில்லை.

அதே சமயம், மேலும் நாற்பது முறை அவர் தனியே படித்திருந்தாலும் விளங்கியிருக்குமா என்பது ஐயமே. இன்னொருவர் விளக்கம் தேவைப்பட்டது. விடாமுயற்சி என்ற பெயரில் கேட்க வெட்கப்பட்டுத் தனியே தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளைகளை நான் மதரஸாக்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தப் பாதியும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்னு ஸீனா தம் குறிப்பில் இன்னொன்றையும் சொல்கிறார். ஏதேனும் ஒரு கணக்கில் வழி தெரியாமல் திகைத்தால் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, அனைத்தையும் படைத்தவனிடம் மன்றாடுவாராம். அடைபட்டது திறக்கும்வரை அவ்வாறு செய்வாராம். பிறகு வீட்டுக்குத் திரும்பி விளக்கைத் தூண்டிவிட்டு மறுபடியும் படிக்க அமர்ந்துவிடுவார்.

கொள்ளையன் தந்த பாடம்

இப்னு ஸீனாவின் கொள்கைகளை மறுத்தவர்களில் தலையாயவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 450இல் (1058) தூஸ் நகரில் பிறந்தவர். அன்னாரும் படிப்பதன் ஆழத்தை ஓர் எதிர்பாராத ஆசிரியரிடம் கற்றார்கள்.

இளமையில் ஜுர்ஜான் நகருக்குச் சென்று பாடம் கேட்டு, குறிப்புகளை ஏடுகளாக எழுதிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மறித்தார்கள். இருந்தவை அனைத்தும் பறிபோயின. இமாம் அவர்கள் கொள்ளையர்களின் பின்னாலேயே சென்று, அந்த ஏடுகளை மட்டும் திருப்பித் தந்துவிடும்படி வேண்டினார்கள். அவை எதற்கு என்று தலைவன் கேட்டான். அவற்றிலுள்ள கல்விக்காகத்தான் ஊர்விட்டு ஊர் சென்றதாகச் சொன்னார்கள். கொள்ளைத் தலைவன் சிரித்தான். ஏட்டைப் பறித்ததும் கல்வியற்றவராக நிற்கிறீர், பிறகு அதைக் கற்றதாக எப்படிச் சொல்லுகிறீர் என்ற கருத்தில் கேட்டுவிட்டு, ஏடுகளைத் திருப்பித் தரச் செய்தான். அல்லாஹ்வே அவன் நாவால் தமக்கு வழிகாட்டியதாக இமாம் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊர் சேர்ந்த பின், மூன்று ஆண்டுகள் அந்தக் குறிப்புகளைத் தம் உள்ளத்தில் ஏற்றுவதிலேயே செலவிட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியை நம் பேச்சாளர்கள் மேடைகளில் அடிக்கடி சொல்லுவதுண்டு. அடுத்துச் சொல்லப் போவதை அவ்வளவாகச் சொல்லுவதில்லை.

ஹிஜ்ரி 484இல் (1091) பக்தாத் நிஸாமிய்யா கலாசாலைக்கு இமாம் அவர்கள் பேராசிரியராக அமர்த்தப்பட்டார்கள். முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு. இடையே மார்க்க நூல்கள் எழுதும் பணி வேறு. அந்த நேரத்தில்தான் தத்துவவாதிகளின் கொள்கைகளை மறுக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. ஆனால் ஒரு கொள்கையை அதன் அடிவரை அறியாமல் மறுப்பது இருட்டில் கல்லெறிவதற்கு ஒப்பானது என்பது அன்னாரின் கருத்து. ஆகவே கிடைத்த சிறுசிறு ஓய்வு நேரங்களில், ஆசிரியர் துணையின்றி, அந்த நூல்களைப் படிக்கத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர்தம் அறிவின் எல்லையை எட்டிவிட்டார்கள்.

எட்டியதும் எழுத அமர்ந்தார்களா? இல்லை. புரிந்துகொண்ட பிறகும் ஏறத்தாழ ஓராண்டு அதையே திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்ததாகத் தம் வாழ்க்கை விளக்கமாகிய ‘அல்முன்கித்’ நூலில் எழுதுகிறார்கள். வாசகர்களே, இந்த ஓராண்டை நான் பெரிதாக மதிக்கிறேன். விளங்காத நூலைத் திரும்பப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். விளங்கிவிட்ட நூலை மேலும் ஓராண்டு சிந்திப்பதற்கு அதனினும் பெரிய ஒன்று வேண்டும். எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தை அடக்கும் ஆற்றலே அது.

அதன் விளைவைப் பாருங்கள். எதிர்த்தரப்பின் கொள்கைகளை அவர்களே எழுதியதுபோல் தெளிவாகத் தொகுத்து ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்ற நூலை எழுதினார்கள். அது லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, கஸ்ஸாலி அவர்களையே இப்னு ஸீனாவைப் பின்பற்றும் தத்துவவாதி என்று ஐரோப்பியர் பலர் எண்ணிவிட்டனர்! பிறகு ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ என்ற மறுப்பு நூல் 1095இல் முற்றுப்பெற்றது. இருபது பிரச்சினைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆராயும் அந்த நூலை ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் உலகம் படித்துக்கொண்டிருக்கிறது. இன்று எதிரியின் நூலில் ஒரு பக்கமும் படியாமல் மறுப்புத் துண்டுப் பிரசுரம் அச்சிடுகிறவர்கள் இந்த மூன்று ஆண்டுக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ‘அர்ரிஸாலா’ என்ற நூலை இயற்றினார்கள். அன்னாரின் மாணவர் முஸனீ (ரஹ்) அவர்கள் அதனை ஐந்நூறு முறை படித்ததாகவும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பயனைப் பெற்றதாகவும் கூறியிருக்கிறார்கள். ஒரே நூல், ஐந்நூறு முறை!

வெற்றி என்ற சொல்

நாள்தோறும் ஐவேளை பாங்கில் நாம் செவியுறும் அழைப்புகளில் ஒன்று ‘ஃபலாஹ்’ எனும் வெற்றியை நோக்கி வருமாறு விடுக்கும் அழைப்பாகும். அந்த அரபுச் சொல்லின் வேரை அகராதியில் பார்த்தால் பிளத்தல், நிலத்தைக் கீறி உழுதல் என்ற பொருள் வருகிறது. அதே வேரிலிருந்துதான் உழவனுக்கு ‘ஃபல்லாஹ்’ என்ற பெயர் வந்தது. வெற்றி பெற்றவன் ‘முஃப்லிஹ்’. இருவரும் ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அகல உழுவதினும் ஆழ உழு என்று நம் தமிழ் முன்னோர் வயலைப் பார்த்துச் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம்! உழுத அன்றே எவனும் அறுப்பதில்லை. உழாதவன் எந்த நாளிலும் அறுப்பதில்லை.

திருமறை அருளப்பட்ட முறையிலும் இதையே காண்கிறோம். வல்லமை மிக்க இறைவனுக்கு ஒரே இரவில் முழு வேதத்தையும் அண்ணலார் (ஸல்) அவர்களின் உள்ளத்தில் பதித்துவிடுவது அரிதன்று. எனினும் அது 23 ஆண்டுகளில் சிறுகச் சிறுக இறங்கியது. ஏன் ஒரே தடவையில் இறக்கப்படவில்லை என்று நிராகரிப்போர் கேட்டார்கள். உள்ளத்தை உறுதிப்படுத்துவதற்காகவே இவ்வாறு செய்யப்பட்டது என்ற கருத்தில் அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 32ஆம் வசனம் விடை தருகிறது. உள்ளம் உறுதிப்படக் காலம் வேண்டும்.

நபித்தோழர்கள் அதற்கேற்பவே கற்றார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அல்பகரா என்ற ஒரே அத்தியாயத்தைக் கற்க எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’ பதிவு செய்கிறது. அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட, அண்ணலாரின் காலத்திலேயே வாழ்ந்த ஒருவருக்கு எட்டு ஆண்டுகள்! பெருமானார் (ஸல்) அவர்களோ, ஓர் இரவு முழுவதும் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதித் தொழுதவாறு விடியும்வரை நின்றார்கள் என அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தம் சமூகத்தாரை இறைவனின் தீர்ப்பிலே ஒப்படைத்து ஈஸா (அலை) அவர்கள் செய்யும் விண்ணப்பமாக அல்மாயிதா அத்தியாயத்தில் வரும் 118ஆம் வசனம் அது.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி வேறு விதம். மாதம் ஒரு முறை குர்ஆனை ஓதி முடிக்குமாறு நபிகளார் சொன்னபோது, தமக்கு அதைவிட அதிக ஆற்றல் உண்டென்று அந்த இளைஞர் மேலும் மேலும் கேட்டு ஏழு நாட்களுக்குக் குறைத்துக்கொண்டார். முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, அன்று நபிகளார் அளித்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார். ஆயினும் தாம் ஏற்றுக்கொண்டதைக் கைவிட மனமின்றி இறுதிவரை தொடர்ந்தார். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான செயல், குறைவாயினும் இடைவிடாது செய்யப்படுவதே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் பொருளை அந்த முதியவரை விட நன்கு அறிந்தவர் யார்?

நம் வீடுகளுக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடத்தில் ‘ஓதுதல்’ என்றொரு சொல்லும் ‘படித்தல்’ என்றொரு சொல்லும் தனித்தனியே உண்டு. குர்ஆனை ஓதுகிறோம், பள்ளிக்கூடப் புத்தகத்தைப் படிக்கிறோம். இது வேதத்துக்கு நாம் காட்டும் கண்ணியம். ஆனால் காலப்போக்கில் ஓதுவதற்குப் பொருள் வேண்டாம், படிப்பதற்கு மட்டும் பொருள் வேண்டும் என்று ஒரு வேலி விழுந்துவிட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் பத்து நன்மை என்ற நற்செய்தி உண்மையானது. பொருளறியாத முதியவரின் ஓதலையும் அல்லாஹ் வீணாக்கமாட்டான். அதை எவரும் குறைத்துப் பேச வேண்டாம். கேள்வி, பொருளறிய வாய்ப்பிருந்தும் அறியாதவரைப் பற்றியது.

அந்த வாய்ப்பு எளிதில் வந்ததன்று. திருக்குர்ஆன் முழுவதையும் தமிழில் முதன்முதலாகத் தந்த அ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் 1920களில் தொடங்கிய பணி, 1949ஆம் ஆண்டில்தான் முழு நூலாக வெளிவந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைப்பு. இன்று அதன் பின் வந்த மொழிபெயர்ப்புகளும் விரிவுரைகளும் பல. கைப்பேசியிலும் கிடைக்கின்றன. அலமாரியில் உறையிட்டு வைத்திருக்கிறோம்.

பாகவி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அவர்கள் ஓதிப் பட்டம் பெற்ற வேலூர் கல்லூரியின் பெயர் ‘பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்’. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? நாம் வெள்ளிதோறும் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தின் 46ஆம் வசனத்திலிருந்து! செல்வமும் மக்களும் இவ்வுலக அலங்காரம் என்று சொல்லிவிட்டு, நிலைத்து நிற்கும் நற்செயல்களை அவற்றினும் மேலானவையாக அந்த வசனம் எடுத்துரைக்கிறது. பல நூறு முறை அந்தச் சொற்களை ஓதிக் கடந்தவர்களில் எத்தனை பேர் அவ்விடத்தில் ஒரு கணம் நின்றிருப்போம்?

மதரஸாவில் ஓதியவர்களுக்கு ‘முதாலஆ’, ‘தக்ரார்’ என்ற இரு சொற்களும் பழக்கமானவை. நாளை நடக்கப்போகும் பாடத்தை இன்றிரவே தானாகப் படித்து, எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று பிரித்து வைத்துக்கொள்வது முதாலஆ. நடந்த பாடத்தை மாணவர்கள் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பது தக்ரார். நாங்கள் ஓதிய காலத்தில், முதாலஆ செய்யாமல் வருகிறவனை எங்கள் உஸ்தாது உடனே கண்டுகொள்வார்கள். அவனிடத்தில் கேள்வி எதுவும் இருக்காது என்பதே அடையாளம். கல்லூரித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும். பாடத்தை இரண்டு முறை படித்துவிட்டு, எனக்கு மூளை இல்லை என்று புத்தகத்தை மூடும் பையனை வீட்டில் கண்டால், திட்டாதீர்கள். இப்னு ஸீனாவுக்கும் இரண்டாம் முறையில் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். பிறகு, விளங்காத இடம் எது என்று சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். சுட்டத் தெரிந்துவிட்டால் பாதி வழி கடந்தாயிற்று.

கஹ்ஃபு அத்தியாயத்திலேயே கல்வி தேடிப் புறப்பட்ட ஒருவரின் பயணம் வருகிறது. இரு கடல்கள் சந்திக்கும் இடத்தை அடையும்வரை, நெடுங்காலம் நடக்க நேர்ந்தாலும் ஓயமாட்டேன் என்று உறுதி கொண்டவராக மூஸா (அலை) அவர்கள் நடக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தை முதலில் அறியாமலே கடந்து போய்விடுகிறார்கள். மீன் நழுவியது பின்னரே தெரிய வருகிறது. உடனே, வந்த வழியே தம் காலடிச் சுவடுகளைப் பின்பற்றித் திரும்பி வருகிறார்கள். கடந்துபோன அதே இடத்தில்தான் தேடிய ஆசிரியர் கிடைக்கிறார். ஒரு பக்கத்தைத் திரும்பப் படிக்கச் சலிப்படையும் போதெல்லாம் 64ஆம் வசனத்தின் அந்தத் திரும்பு பயணத்தை நான் எண்ணிக்கொள்வதுண்டு. இறைத்தூதர் ஒருவரே வந்த வழியில் திரும்பி நடந்திருக்க, நமக்கென்ன கௌரவக் குறைவு?

வழக்கமான வெள்ளி ஓதலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதனோடு, வாரத்துக்கு மூன்று வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள அனைவரும் அமர்ந்து தமிழில் படியுங்கள். விளங்காததைக் குறித்து வைத்து ஜும்ஆவுக்குப் பின் உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள். கேட்க ஆளில்லையே என்று ஏங்கும் இமாம்கள் பலரை எனக்குத் தெரியும். 110 வசனங்களும் 37 வெள்ளிகளில் முடிந்துவிடும். இப்னு ஸீனாவின் நாற்பதை விடவும் குறைவுதான்.

முதல் வாரத்துக்கான கேள்வியையும் இங்கேயே தந்துவிடுகிறேன். இந்த வேதத்தில் எவ்விதக் கோணலும் இல்லை என்று முதல் வசனம் முடிகிறது. அது நேரானது என்று இரண்டாம் வசனம் தொடங்குகிறது. கோணல் இல்லை என்ற பிறகு நேரானது என்று மீண்டும் ஏன் சொல்ல வேண்டும்? விரிவுரையைத் திறப்பதற்கு முன், இன்றிரவு உணவு வேளையில் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.